செகண்ட்ஹேண்ட் உயிர்

பனைக்கு இப்போது நல்ல காலம். மாநில மரம் என்ற பட்டம் எப்போதோ கொடுத்தாயிற்று. 2021 முதல் ஒரு பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஏரிக்கரையில் விதை ஊன்றுகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம், கருப்பட்டிக் காபிக்கு வரிசையில் நிற்கிறோம். பனை பற்றி ஒரு கவிதையாவது எழுதாத இளம் கவிஞரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நல்லது. மரத்தைக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

என் சண்டை அந்த மரத்தில் ஏறுகிறவரைப் பற்றியது. பனையேறிகள் விழுந்து சாகிறார்கள், முதுகெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நல்ல மனசுக்காரர்கள் ஒரு யோசனையோடு வருவார்கள். ‘மலையேறுற குரூப்புங்க, கண்ணாடிக் கட்டடத்துல தொங்கிக்கிட்டே துடைக்கிற கம்பெனிங்க, இவங்ககிட்ட எல்லாம் பழைய ஹார்னஸ் எக்கச்சக்கமா கெடக்கும். அதைச் சேத்து இவங்களுக்குக் குடுத்தா என்ன? சும்மா கெடக்குறது ஒரு உயிரக் காப்பாத்தட்டுமே!’

கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! மறுசுழற்சி, பரிவு, சிக்கனம் மூன்றும் ஒரே மூட்டையில். அந்த மூட்டையைக் கட்டாதீர்கள், யார் தலையிலும் இறக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மரமேறும் ஹார்னஸைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஏறுகிறவரின் இடுப்பளவுக்கு வாங்க வேண்டும். அதற்கான பணம் ஏறுகிறவரின் மடியிலிருந்து போகக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து ஒரே கோரிக்கை. ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் நிற்காது.

பெல்ட் என்றால் எந்த பெல்ட்?

நம்மூரில் எல்லாவற்றுக்கும் ‘பெல்ட்’ என்று ஒரே சொல்தான். ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஆரஞ்சு நிறத்தில் தோளையும் தொடையையும் சுற்றி வரும் ஒன்றை எடுத்துப் போடுவார்கள். முதுகில் ஒரு வளையம், அதிலிருந்து இரண்டு கயிறு, கயிற்று நுனியில் பெரிய கொக்கி. சாரத்தில் நின்று வேலை செய்யும் கட்டடத் தொழிலாளிக்கானது அது. கொக்கியைத் தலைக்கு மேலே ஒரு கம்பியில் மாட்டிக்கொள்வார். கால் தவறினால் தொங்குவார். தலைக்கு மேலே உறுதியாக ஏதோ ஒன்று இருக்கும் என்பதுதான் அந்தப் பொருளின் அடிப்படையே.

பனையில் உங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது? வெறும் காற்று. அதற்கும் மேலே ஓலை. அந்த ஓலையை எட்டுவதற்குத்தான் ஏறவே செய்கிறீர்கள். கிளை கிடையாது, கவை கிடையாது. 20, 25 மீட்டர் உயரத்துக்கு ஒரே தூண். அதில் முதுகு வளையமும் இரண்டு கொக்கியும் எங்கே மாட்டுவதாம்?

மரத்துக்கென்றே ஒரு வகை ஹார்னஸ் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரவேலைக்காரர்கள் அதை ‘சேடில்’ என்கிறார்கள். குதிரைச் சேணத்துக்குச் சொல்லும் அதே சொல். காரணம், அது உட்கார்வதற்கானது. இடுப்பைச் சுற்றி அகலமான மெத்தைப் பட்டை. இரண்டு தொடைகளுக்கும் தனித்தனி வார். இடுப்பின் இரு பக்கமும் உலோக வளையங்கள். முன்பக்கம் இரண்டு வளையங்களுக்கு நடுவே பாலம் மாதிரி ஒரு குட்டைக் கயிறு. பக்க வளையம் ஒன்றில் தொடங்கும் இடைக்கயிறு மரத்தைச் சுற்றி வந்து மறுபக்க வளையத்தில் முடியும். பின்னால் சாய்ந்தால் உடம்பின் எடையை இடுப்பும் தொடையும் வாங்கிக்கொள்ளும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். மணிக்கணக்கில் மரத்தோடு இருப்பவருக்கு வேண்டியது இதுதான்.

இதிலும் பனைக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. இடைக்கயிறு மரத்தை வெறுமனே சுற்றியிருந்தால், கால் வழுக்கும்போது கயிறும் கூடவே வழுக்கும். ஆள் மார்பு தேய இறங்குவார். எடை விழுந்ததும் சுருக்குப் போல மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கயிறு வேண்டும். கொண்டைக்குள் நுழையும்போது மட்டைகளைத் தாண்டியாக வேண்டும். ஒரே கயிறு என்றால் அதைக் கழற்றி மேலே மாட்டும் அந்தச் சில நொடி பாதுகாப்பே இல்லை. ஆகவே இரண்டு கயிறு வேண்டும். ஒன்றை மாட்டிய பிறகுதான் இன்னொன்றைக் கழற்றணும்.

அப்புறம் கருக்கு. பனைமட்டையின் ஓரம் ரம்பம் என்பதைப் படிக்கிற உங்களில் கிராமத்துப் பிள்ளைகள் கால் கையில் கீறல் வாங்கித் தெரிந்துவைத்திருப்பீர்கள். அதே ரம்பத்தில்தான் கயிறு தினமும் உரசும். போதாததற்கு ஏறுகிறவர் கையில் பாளை அரிவாள். சவரக்கத்தி மாதிரி தீட்டியது. ஒரு வீச்சு தவறினால் நாடா அறுந்துவிடும். வெளிநாட்டில் ரம்பத்தோடு மரமேறுபவர்கள் உள்ளே எஃகுக் கம்பி ஓடும் இடைக்கயிறு வைத்திருப்பது இதனால்தான்.

தர முத்திரைகளையும் சொல்லிவிடுகிறேன், வாங்கப்போகிறவருக்குத் தேவைப்படும். ஐரோப்பியத் தரத்தில் ஈ.என். 358 என்பது வேலை செய்யும் நிலையில் பிடித்து நிறுத்தும் இடுப்புப் பட்டைக்கு. ஈ.என். 813 என்பது உட்கார்ந்த நிலையில் தாங்கும் ஹார்னஸுக்கு. மரமேறும் சேணத்தில் இரண்டு எண்ணும் இருக்க வேண்டும். சோதனையில் 15 கிலோநியூட்டன் இழுவிசையை, அதாவது ஏறக்குறைய 1,500 கிலோ எடையை, மூன்று நிமிடம் தாங்க வேண்டும். இந்தியத் தரத்தில் ஐ.எஸ். 3521 என்பது பாதுகாப்பு பெல்ட்டுகளுக்கானது. முத்திரையே இல்லாத புது பெல்ட், முத்திரையோடு இருக்கும் பழைய பெல்ட்டைவிட மோசம். ‘புதுசு’ என்ற சொல்லுக்கு நான் கோயில் கட்டவில்லை.

இழைக்கு வயசு உண்டு

1,500 கிலோ தாங்குமே, கொஞ்சம் பழசானால்தான் என்ன? பாதி பலம் போனாலும் 750 கிலோ இருக்கிறதே! மனுஷன் எடை 60 கிலோதானே? இந்தக் கணக்கைப் புத்திசாலிகள்தான் போடுவார்கள். பாதிதான் போயிருக்கிறது என்று யார் சொன்னது?

ஹார்னஸின் நாடா நைலான் அல்லது பாலியெஸ்டர். இரண்டும் வெயிலில் கெடும். புற ஊதாக் கதிர் இழையை உள்ளேயே நொறுக்கும். சாயம் வெளுத்தால் ஒரு சந்தேகமாவது வரும், எல்லா நாடாவும் நேர்மையாக வெளுப்பதில்லை. நைலானின் எதிரி அமிலம். வண்டியின் பின்பக்கம் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு மாதம் கிடந்த ஹார்னஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். அது பட்ட இழை பார்வைக்குப் பழையபடியே இருக்கும், எடை விழும்போது நூல் மாதிரி அறும்.

பாலியெஸ்டரின் எதிரி காரம். பனையேறிக்கு இது ரொம்ப முக்கியம். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு கடுமையான காரம். பருவம் முழுக்க அந்தச் சுண்ணாம்பு கையில், இடுப்பில், பெட்டியில், எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். புது ஹார்னஸ் வாங்கும்போதுகூட நாடா எந்த இழை என்று லேபிளில் பார்த்து, தினமும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட வேண்டியிருக்கிறது. பழைய ஹார்னஸில் பாதி நேரம் லேபிளே இருக்காது. எந்த இழை, எந்த வருஷம், எந்தத் தரம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய ஒரு சின்னத் துணித்துண்டு தேய்ந்து உதிர்ந்திருக்கும். அது உதிர்ந்த நொடியே அந்த ஹார்னஸ் செத்துவிட்டது என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் கணக்கு வைக்கிறார்கள்.

வயது என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஹார்னஸ் செய்வதில் பேர்பெற்ற பிரெஞ்சு நிறுவனமான பெட்ஸ்ல், துணியும் பிளாஸ்டிக்கும் கொண்ட தன் பொருள்களுக்கு அதிகபட்ச ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டு என்கிறது. வாங்கிய நாளிலிருந்து இல்லை, தயாரித்த நாளிலிருந்து. அதுவும் அதிகபட்சம். தினமும் வேலை செய்தால் அதற்கு வெகுமுன்பே முடிந்துபோகலாம், ஒரு மோசமான விழுகையில் முதல் நாளே முடிந்துபோகலாம். பிரிட்டனில் 1998-ல் வந்த தூக்குக் கருவி விதிகளின்படி, மனிதரைத் தாங்கும் கருவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லணும். டாட் ஸ்கின்னர். அமெரிக்கர், உலகின் முன்னணிப் பாறையேறிகளில் ஒருவர். 2006 அக்டோபர் 23 அன்று யோசெமிட்டியில் லீனிங் டவர் என்ற பாறையிலிருந்து கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். ஹார்னஸின் முன்பக்கம் உடம்பையும் கயிற்றையும் இணைக்கும் ஒற்றை நாடா வளையம் அறுந்தது. 47 வயதில் செத்துப்போனார். அந்த வளையம் தேய்ந்திருப்பது அவருக்குத் தெரியும். புது ஹார்னஸுக்குச் சொல்லியும் வைத்திருந்தார். அது வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அது அவருடைய சொந்த ஹார்னஸ். எத்தனை நாள் பயன்படுத்தினோம், எங்கே உரசியது என்பதெல்லாம் அவருக்கே தெரிந்திருக்கக்கூடிய பொருள். வாழ்நாள் முழுக்க ஹார்னஸில் தொங்கிய கண்ணும் கையும் அவருடையவை. அவராலேயே அந்த நாடாவில் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று கணிக்க முடியவில்லை. யாரோ முகம் தெரியாதவர் எங்கோ தொங்கிவிட்டுக் கழற்றிப்போட்டதை ஒரு வார இறுதியில் சாக்கில் கட்டி எடுத்துவரும் நாம் எப்படிக் கணிக்கப்போகிறோம்?

இன்னொன்றும் இருக்கிறது. ஓய்வு கொடுத்த ஹார்னஸை யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி அழித்துவிடச் சொல்கின்றன தயாரிப்பாளர்களின் கையேடுகள். கத்தரியால் நாடாவை வெட்டிக் குப்பையில் போட வேண்டும். ஒழுங்கான நிறுவனம் அதைச் செய்துவிடும். அப்படியானால் உங்கள் சேகரிப்பு மூட்டைக்கு வந்து சேர்வது எது? வெட்டப்பட வேண்டிய நாளில் வெட்டப்படாமல் தப்பியது. தன் ஊழியரின் இடுப்புக்கு ஆகாது என்று ஒருவர் கழித்ததை இன்னொருவர் இடுப்புக்கு ஆகும் என்று எடுத்துப்போகிறோம். இதற்குப் பரிவு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தளைநார் சொல்லும் சட்டம்

‘காலங்காலமா பெல்ட் இல்லாமத்தான ஏறுறாங்க? அது அவங்க ரத்தத்துலயே இருக்கு சார்.’ இந்த வாக்கியத்தை இலக்கியக் கூட்டங்களிலும் கேட்கலாம், டீக்கடையிலும் கேட்கலாம். ரத்தத்தில் இருக்கிறது என்பதைப் போல ஒரு வசதியான பேச்சு கிடையாது. ஒருவரின் திறமையைப் புகழ்ந்த மாதிரியும் ஆயிற்று, அவருக்காக ஒரு ரூபாய் செலவு செய்யாமல் தப்பித்த மாதிரியும் ஆயிற்று.

பனையேறி சும்மா ஏறவில்லை. அவரிடம் ஒரு முழுக் கருவித் தொகுதியே உண்டு. கால்களை இணைக்கும் தளைநார், தென்கோடியில் திளாப்பு என்பார்கள். மரத்தில் சாய்த்துவைத்து முதல் எட்டு ஏறுவதற்கு முருக்குத்தடி. மார்பு உரியாமல் இருக்க நெஞ்சுத்தோல். இடுப்பில் அரிவாள் பெட்டி. தெலங்கானா பக்கம் போனால் மரத்தையும் இடுப்பையும் சுற்றிவரும் ‘மோகு’ கயிறும் ‘முத்தாது’ இடுப்புப் பட்டையும் உண்டு. சேணம் என்ற கருத்து மேற்கிலிருந்து வந்து இறங்கியது என்று நினைப்பவர்கள் தெலங்கானாவின் ஒரு கள்ளுத் தோப்பில் அரைமணி நேரம் நின்றால் போதும்.

நார்த் தளையில் ஒரு சட்டம் ஒளிந்திருக்கிறது. ஏறுகிறவரே நாரைத் தேர்ந்தெடுத்தார். அவரோ அவர் வீட்டாரோ முறுக்கினார்கள். எந்த மாதம் முறுக்கியது, எத்தனை மழை நனைந்தது, எந்த இடத்தில் பிசிறு தட்டியது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் அடுத்த நாளே புதுசு. அதாவது, வரலாறு தெரியாத வாரில் ஏறாதே என்பது ஐரோப்பியக் கையேடு நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமே இல்லை. பனையேறியின் தொழில் அதை எப்போதோ செய்துகொண்டிருந்தது. ஆலையில் செய்த ஹார்னஸை அவர் முறுக்கவில்லை என்பதால் அந்த அறிவை லேபிளும் தேதியும் ஏந்த வேண்டியிருக்கிறது. பழைய ஹார்னஸைக் கொடுக்கும்போது அவருடைய கை அறிவையும் பிடுங்கிக்கொள்கிறோம், லேபிளின் அறிவையும் கொடுக்காமல் விடுகிறோம்.

பனைக்கு 801 பயன் என்று தாலவிலாசத்தைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறோம். அந்த 801-ஐயும் கீழே இறக்கிக்கொண்டு வந்த இடுப்புக்கு வந்து சேர்வது மற்றவர் கழித்த பட்டையா?

‘ஒன்னுமில்லாததுக்கு இது பரவால்லையே’

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பெல்ட்டே இல்லாமல் ஏறுகிறவருக்கு அரைகுறை பெல்ட்டாவது கிடைத்தால் நல்லதுதானே?

இல்லை. பெல்ட் இல்லாமல் ஏறுகிறவர் தன் கையையும் காலையும் நம்பி ஏறுகிறார். ஒரு கை எப்போதும் மரத்தில் இருக்கும். பாளை சீவும்போதுகூட உடம்பு மட்டையோடு ஒட்டியிருக்கும். சேணம் போட்டதும் அந்த உடல்மொழி மாற வேண்டும். பின்னால் சாய வேண்டும், இரண்டு கையையும் விட வேண்டும், எடை முழுவதையும் நாடாவிடம் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கவில்லையென்றால் சேணத்தால் ஒரு லாபமும் இல்லை. கொடுத்தால், அந்த நாடா பொய் சொல்லக் கூடாது. பல வருஷம் பழகிய எச்சரிக்கையைக் கைவிடச் சொல்லிவிட்டு, பதிலுக்கு ஒரு சந்தேகத்தைக் கொடுப்பது ‘ஒன்னுமில்லாததைவிட’ மோசமானது.

அளவு என்றும் ஒன்று இருக்கிறது. ஹார்னஸ் என்பது ஒருவரின் உடம்புக்குப் பொருந்தினால்தான் ஹார்னஸ். பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். தொடை வாருக்குள் உள்ளங்கை தட்டையாகப் போய்வர வேண்டும், முஷ்டி போகக் கூடாது. பழையதில் உங்களுக்குக் கிடைப்பது முந்தைய ஆளின் உடம்பு. ஜிம்முக்குப் போய் வளர்த்த நகரத்து உடம்புக்கு வாங்கியது, வெயிலில் வற்றிய 55 வயதுக்காரரின் இடுப்பில் கடைசிக் கண்ணிவரை இறுக்கியும் ஆடும். தலைகீழானால் உருவிக்கொண்டு போய்விடும். புதிது வாங்கும்போது கால்மணி நேரம் தரைக்கு அரையடி மேலே தொங்கிப் பார்க்கலாம். எங்கே அழுத்துகிறது, எங்கே மரத்துப்போகிறது என்று உடம்பே சொல்லிவிடும். சரியில்லை என்றால் அடுத்த அளவு. இந்தத் தேர்வு செய்யும் உரிமை செகண்ட்ஹேண்டில் கிடையாது. வந்ததைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பழையதை ஒருபோதும் தொடவே கூடாதா? தொடலாம். முதல் உரிமையாளரை நேரில் தெரியும், வாங்கிய ரசீது இருக்கிறது, தயாரித்த தேதி லேபிளில் தெளிவாக இருக்கிறது, ஒருமுறைகூட அதில் விழவில்லை, முன்பக்கக் குட்டைக் கயிற்றை மாற்றிப் புதிது போட்டாயிற்று, தையலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை, விவரம் தெரிந்தவர் பிரித்துப் பார்த்துவிட்டார், அளவும் உங்களுடையதே. இத்தனையும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் அது அநேகமாக உங்கள் கூடப்பிறந்த அண்ணனுடையதாகத்தான் இருக்கும். மூட்டையில் வந்ததாக இருக்காது.

யார் காசு?

இப்போது பணத்துக்கு வருவோம். மொத்த வாதமும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். ‘புதுசு வெல ஜாஸ்தி சார், அவங்களால வாங்க முடியாது.’

அவரை யார் வாங்கச் சொன்னது? தண்ணீர்த் தொட்டியில் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளி தன் காசில் ஹார்னஸ் வாங்கினால் அதை அநியாயம் என்போம். பனையேறி என்றதும் அது அவருடைய சொந்தப் பிரச்சினையாகிவிடுகிறது. மரம் ஒருவருடையது, நிலம் ஒருவருடையது, கருப்பட்டி வாங்கி விற்பவர் வேறொருவர், காபியில் போட்டுக் குடித்துப் பாரம்பரியம் பேசுகிறவர் நாம். உயரம் மட்டும் அவருடையது.

ஒரு கணக்குப் போடுவோம். வெறும் உதாரணக் கணக்குதான். நல்ல சேணமும் இரண்டு இடைக்கயிறும் சேர்ந்து 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பருவம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 4,000 ரூபாய். ஒரு குடும்பம் பருவத்துக்கு 400 கிலோ கருப்பட்டி காய்ச்சினால் கிலோவுக்கு 10 ரூபாய். நகரத்து ‘ஆர்கானிக்’ கடையில் அதே கருப்பட்டியின் மேல் ஒட்டும் அழகான லேபிளுக்கும் டப்பாவுக்கும் நாம் மறுபேச்சில்லாமல் கொடுக்கும் காசு அது. பெட்டிக்குக் கொடுப்போம், இடுப்புக்குக் கொடுக்க மாட்டோம் என்பதுதான் விஷயம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. புது ஹார்னஸ் ஆதரவாளர்கள் இதைச் சொல்லாமல் நழுவுவார்கள். ஒருவர் காலையில் 30 மரம், மாலையில் அதே 30 மரம் ஏறுகிறார் என்றால் நாளுக்கு 60 ஏற்றம். ஒவ்வொரு ஏற்றத்திலும் கயிறு மாட்டிக் கழற்ற இரண்டு நிமிடம் கூடினால் இரண்டு மணி நேரம் போச்சு. அந்த இரண்டு மணி நேரம் என்பது பத்துப் பதினைந்து மரத்தின் பதநீர். ‘குடுத்தாலும் போட மாட்டேங்குறாங்க, மூலையில கெடக்கு’ என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதே கிடையாது. அவர் சோம்பலில் கழற்றிவைக்கவில்லை. போட்டால் கூலி குறைகிறது, அதனால் கழற்றிவைக்கிறார். ஆகவே ஹார்னஸோடு சேர்ந்து விலையும் ஏற வேண்டும். 60 ஏற்றம் 45 ஆனாலும் அடுப்பு எரிகிற மாதிரி பதநீருக்கும் கருப்பட்டிக்கும் விலை கிடைக்க வேண்டும். எடை குறைந்த, சட்டென்று மாட்டக்கூடிய, பனைக்குப் பொருந்துகிற சேணம் வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். வேறு வேலைக்குச் செய்த கனத்த பழைய ஹார்னஸ் அந்த இரண்டு நிமிடத்தை நாலு நிமிடமாக்கும்.

அரசுகளால் முடியாத காரியமா இது? தெலங்கானா அரசு 2024 ஜூலையில் ‘காட்டமய்யா ரட்சண கவசம்’ என்ற பெயரில் கள்ளிறக்கும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவிப் பெட்டி கொடுக்கத் தொடங்கியது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ திட்டத்தைத் தொடங்கி, பெண்கள் உட்படப் பலருக்கும் பயிற்சி, ஏறும் கருவி, காப்பீடு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தது. குறை சொல்ல நிறைய இருக்கலாம். ஆனால் கருவி, பயிற்சி, காப்பீடு மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்ற புத்தி அதில் இருக்கிறது.

நம்மிடம் பனைமரத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. கள் 1987 முதல் தடை. ஏறுகிறவர் கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்க்க ஆள் இருக்கிறது. அவர் இடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. பேச்செல்லாம் மாயக் கருவி ஒன்றைப் பற்றித்தான். பனையேறும் இயந்திரம் ஒன்றை யாராவது கண்டுபிடித்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்ற கனவு. தென்னைக்குச் செய்த ஏறுகருவி, அடி பெருத்து மட்டையடி பிதுங்கி நிற்கும் பனைக்கு அப்படியே பொருந்துவதில்லை. இயந்திரம் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அது வரும்வரை ஏறப்போகிறவர் இன்று காலையும் ஏறினார், சாயங்காலமும் ஏறுவார். சேணம் யாரும் கண்டுபிடிக்க வேண்டிய பொருள் இல்லை. கடையில் இருக்கிறது. வாங்கினால் போதும்.

என்ன செய்யலாம்?

சேகரிப்பு மூட்டை கட்டுகிற நண்பர்களுக்குக் கைவசம் சில வேலைகள் இருக்கின்றன. பழைய ஹார்னஸ் வைத்திருப்பவரிடம் ஹார்னஸைக் கேட்காதீர்கள். அடுத்து ஒன்று வாங்கும்போது கூட ஒன்றுக்கான பணத்தைக் கேளுங்கள். 20 பழையதைக் கொண்டுபோய் இறக்கிப் படம் எடுப்பதைவிட, இரண்டு புதியதை இரண்டு பேருக்கு அளவு பார்த்து வாங்குவது மேல். படம் சின்னதாகத்தான் வரும், பரவாயில்லை.

வாங்கும்போது ஏறுகிறவரையும் கூட்டிப்போங்கள். அவரைத் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். லேபிளில் தரம், இழை, தயாரித்த தேதி மூன்றையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். கடையில் அஞ்சாறு வருஷம் தூங்கிய ‘புதுசை’ எடுத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். முன்பக்கக் குட்டைக் கயிற்றைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் தேய்வது அதுதான். தினமும் ஏறுமுன் நாடாவை விரலால் தடவி, தையலைப் பார்த்து, பக்கிளை இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். தளைநாரை அவர் அப்படித்தான் பார்த்தார், புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

தனியாக ஏறக் கூடாது என்பதையும் பேசியாக வேண்டும். சேணத்தில் மயங்கித் தொங்குபவரின் ரத்தம் காலிலேயே தேங்கும். சீக்கிரம் இறக்காவிட்டால் அந்தத் தொங்கலே கொன்றுவிடும். கீழே ஒரு ஆள், இறக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இதற்கும் கூலி உண்டு, அதையும் அந்தக் கிலோ விலையில்தான் சேர்க்க வேண்டும்.

கருப்பட்டி வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ரசாயனம் கலந்ததா, சீனி கலந்ததா என்று கேட்கிறோம் அல்லவா, அதே குரலில் கேட்கலாம்: ‘ஏறுறவருக்கு பெல்ட் இருக்காண்ணே? யாரு வாங்கிக் குடுத்தது?’ பத்துக் கடையில் ஒன்பது பேர் முழிப்பார்கள். அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள்.

அதற்குள் வீட்டுப் பரணில் பழைய ஹார்னஸ் ஏதாவது கிடந்தால், நல்ல கத்தரி ஒன்றை எடுத்து நாடாவை நாலு இடத்தில் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். தானம் செய்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், அந்தக் கத்தரியைக் கொடுங்கள்.